விளையாட்டும் மானியமும்: வரவு எங்கே நிற்கிறது?

குழந்தைகள் விளையாட அரசு பணம் கொடுக்கலாமா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்கலாமா என்பதிலும் இல்லை. பொதுப்பணம் என்றால் கணக்கு உண்டு. பிரச்னை இதற்கு அடுத்த படியில் ஆரம்பிக்கிறது. அந்தக் கணக்கில் வரவு என்று எதை எழுதுவது? செலவை எழுதுவது சுலபம். பந்துக்கு இவ்வளவு, பாய்களுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, கோச்சுக்கு இவ்வளவு. எதிர்ப்பக்கத்தில் என்ன எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் குழந்தையின் உடம்பை நாம் என்னவாக நினைக்கிறோம் என்பது வெளியாகிறது.

இதை அந்தரத்தில் வைத்துப் பேசாமல் ஒரு குறிப்பிட்ட உதாரணத்தின்மேல் வைத்துப் பேசலாம். இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளுக்காக 2013 செப்டம்பரில் ஒரு மானியம் தொடங்கப்பட்டது. உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் மட்டுமே செலவிடலாம், வேறு இனத்துக்கு மாற்றக்கூடாது என்ற கட்டுடன் பள்ளியின் கைக்கே நேராக வந்த பணம் அது. இந்த உதாரணத்தை எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள். பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று அங்கே எழுதப்பட்ட விதிகளில் மேலே சொன்ன கேள்வி கிட்டத்தட்ட வெளிப்படையாகவே நிற்கிறது. மற்றொன்று, நம் பள்ளிகளின் ‘டிரில் பீரியட்’ அந்த நாட்டிலிருந்து வந்தது. அதன் பூர்வீகம் நமக்கு முழுக்க அந்நியமான விஷயமல்ல.

1

முதலில் பணம். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸின் ‘மரபுரிமை’ என்ற பெயரில் ஆண்டுக்கு 15 கோடி பவுண்டாக இது ஆரம்பித்தது. பள்ளிகளைக் குழுக்களாக இணைத்து விளையாட்டை நடத்திவந்த பழைய ஏற்பாட்டுக்கான 16.2 கோடி பவுண்டை நிறுத்தப்போவதாக 2010இல் அறிவித்ததும் இதே அரசுதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கையால் எடுத்ததை மறுகையால், வேறு பெயரில், சற்றுக் குறைத்துக் கொடுப்பது எல்லா அரசுகளுக்கும் தெரிந்த வித்தை. 2017இல் தொகை 32 கோடியாக ஏறியது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களின்மேல் 2016இல் அறிவிக்கப்பட்டு 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வரி.

இந்த வரியின் விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். பானத்தில் சர்க்கரை குறைய வேண்டும் என்பது அதன் நோக்கம். சர்க்கரை குறைந்தால் வரியும் குறையும். நடந்ததும் அதுவே. கம்பெனிகள் வரி அமலுக்கு வருமுன்பே சர்க்கரையைக் குறைத்தன. முதலாண்டில் 52 கோடி பவுண்டு வரும் என்ற ஆரம்ப மதிப்பீடு பாதிக்கும் கீழே இறங்கியது. தன் வெற்றியால் தன்னை அழித்துக்கொள்ளும் ஒரு வருமானத்தை ஆதாரமாகக் காட்டி, ‘நிலைத்திருக்கும்’ மேம்பாடு வேண்டும் என்று பள்ளிகளிடம் கேட்டார்கள். குழந்தைகள் குடிப்பதைக் காட்டி அவர்கள் ஓடுவதற்குப் பணம் என்றது ஏற்பாடு.

பள்ளிக்கு வந்தது எவ்வளவு? 2017 முதல் இருந்த வாய்பாடு எளியது. தகுதியுள்ள பிள்ளைகள் பதினாறு அல்லது அதற்குக் குறைவானால் தலைக்கு 1000 பவுண்டு. பதினேழு முதல் மேலே போனால் பள்ளிக்கு 16,000, அதோடு தலைக்குப் 10. இருநூறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு இப்படி 18,000 பவுண்டு வருகிறது. பிள்ளைக்கு 90. பள்ளி நடக்கும் 190 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஐம்பது பென்னிகூட இல்லை. நானூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் தலைக்கு 50 பவுண்டுதான். பெரும் புரட்சிக்கான பணம் அல்ல இது. ஆனால் ஒரு தலைமை ஆசிரியை உட்கார்ந்து யோசிக்கவேண்டிய அளவுக்கு உள்ள பணம். தார்மீகப் பிரச்னைகள் பெரும்பாலும் இந்த அளவுத் தொகைகளில்தான் எழுகின்றன. ஏராளமாக இருந்தால் எல்லாவற்றையும் செய்துவிடலாம். ஒன்றுமே இல்லையென்றால் யாரையும் குறைசொல்ல முடியாது.

2

குழந்தையின் உடம்புக்கு அரசு செலவிடும்போது எப்போதும் வேறொரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது, வந்தவர்களில் கணிசமானவர்கள் உடல்தகுதியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1902இல் இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளுக்கென்று வெளியான பயிற்சித் திட்டம் ராணுவ டிரில்லின் சாயலிலேயே இருந்தது. தேசத்தின் உடல்நலச் சீரழிவை ஆராய அமைந்த கமிட்டியின் அறிக்கை 1904இல் வந்தது. பள்ளியில் சாப்பாடு போட வகைசெய்யும் சட்டம் 1906இல், மருத்துவப் பரிசோதனை 1907இல். 1909 பாடத்திட்டம் ராணுவச் சாயலை விட்டு ஸ்வீடனின் லிங் முறைக்குப் போனது. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதற்கே, அவன் நாளை துப்பாக்கி தூக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு உதவியிருக்கிறது. இப்படித் தவறான காரணத்துக்காகச் செய்யப்பட்ட சரியான காரியங்களின் பட்டியல் நீளமானது; அதனால் காரணத்தை மட்டும் வைத்துக் காரியத்தைத் தள்ளிவிட முடியாது.

2013க்குப் பிந்தைய விதிகளில் துப்பாக்கி இல்லை. ஐந்து குறியீடுகளைச் சொன்னார்கள்: எல்லாப் பிள்ளைகளும் ஒழுங்காக உடலை இயக்குவது, பள்ளி முழுவதையும் மேம்படுத்தும் கருவியாக உடற்கல்வியின் மதிப்பை உயர்த்துவது, ஆசிரியர்களின் அறிவையும் தன்னம்பிக்கையையும் கூட்டுவது, பலவகை விளையாட்டுகளை அறிமுகம் செய்வது, போட்டிகளில் பங்கேற்பை அதிகரிப்பது. நியாயமான பட்டியல்தான். ஆனால் இரண்டாவதில் உள்ள ‘கருவி’ என்ற சொல் என்னை நிறுத்துகிறது. ஓடினால் கணக்கு நன்றாக வரும், குதித்தால் வகுப்பில் அமைதியாக இருப்பான் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அது உண்மையாகவே இருக்கலாம். பொய்யாகிவிட்டால்? கணக்கு நன்றாக வராதவன் ஓட வேண்டியதில்லையா?

ஒலிம்பிக்ஸ் ‘மரபுரிமை’ என்பதும் இதே வகை. அரிஸ்டாட்டில் தன் ‘அரசியல்’ நூலின் எட்டாம் புத்தகத்தில், சிறுவயதில் ஒலிம்பிக்கில் ஜெயித்தவர்களில் பெரியவர்களான பிறகும் ஜெயித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்கிறார். இளம் உடம்பைக் கடும் பயிற்சியால் பிழிந்ததன் விளைவு அது என்பது அவர் முடிவு. ஸ்பார்ட்டா தன் பிள்ளைகளை மிருகங்களாக்கியது என்றும் அதே இடத்தில் கண்டிக்கிறார். ஒலிம்பிக் ஜெயிப்பைக் குழந்தைகளின் உடற்கல்விக்கு அளவுகோலாக்கக் கூடாது என்ற எச்சரிக்கை ஒலிம்பிக்ஸ் பிறந்த மண்ணிலிருந்தே வந்திருக்கிறது.

3

இந்த இடத்தில் இலக்கியவாசிகளான நமக்கு ஒரு சபலம் ஏற்படும். விளையாட்டு தன்னிலேயே நிறைவானது, பயன் கருதாதது, அன்றாடத்துக்கு வெளியே தனக்கென ஒரு வட்டம் போட்டுக்கொள்வது என்று ஹூய்சிங்கா 1938இல் எழுதிய நூலைக் கையிலெடுத்துக்கொண்டு, விளையாட்டைக் கணக்கிலிருந்து விடுவியுங்கள் என்று சொல்லிவிடலாம். கவிதையை விடுவிக்க நாம் செய்யும் வாதமும் இதுவே. கலை கலைக்காக; விளையாட்டு விளையாட்டுக்காக.

இந்த வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். வட்டம் போட இடம் வேண்டும். இங்கிலாந்தில் தோட்டமுள்ள வீடும், சனிக்கிழமை கிளப்புக்குக் கொண்டுவிடக் காரும், நீச்சல் வகுப்புக்குச் சந்தாவும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றுமே செய்யாவிட்டாலும் உடம்பு தெரியவரும். இவை எதுவும் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி மட்டுமே உண்டு. அந்நாட்டின் வருடாந்திர அளவீடுகளில், மிக ஏழ்மையான பகுதிகளின் பிள்ளைகளிடையே உடற்பருமன் வசதியான பகுதிகளைப்போல் இருமடங்குக்கு மேல் காணப்படுகிறது. நாளுக்குச் சராசரி அறுபது நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்ற பரிந்துரையை எட்டும் பிள்ளைகள் பாதிக்கும் சற்றுக் குறைவு; அதிலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பின்னால் நிற்கிறார்கள். கணக்குக் கேட்காமல் பணத்தைப் பள்ளியிடம் விட்டால் அது எங்கே ஓடும் என்று ஊகிப்பது கடினமல்ல. ஏற்கெனவே ஓடத் தெரிந்த பதினொரு பையன்களின் சீருடைக்கும் வண்டிச் சத்தத்துக்கும் ஓடும். பள்ளி வாசலில் வைக்க ஒரு கோப்பை வரும்.

கணக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்கு ஒன்று தெரியும். கோப்பைக்குப் பின்னம் கிடையாது. பின்னத்துக்குக் கீழ்எண் ஒன்று உண்டு. அதற்குள் எல்லோரும் இருந்தாக வேண்டும். பின்வரிசைப் பெண், திக்கித் திக்கிப் பேசுபவன், மூச்சிரைப்புள்ளவன் எல்லோரும். கோப்பையை எண்ணுகிற பள்ளிக்கு இவர்கள் கண்ணில் படுவதில்லை. சதவிகிதம் கேட்கும் கணக்கு இவர்களைப் பெயரில்லாமலேனும் கூப்பிடுகிறது. ஆகவே கணக்கு விளையாட்டின் எதிரி என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டும்.

4

இப்போது விதியின் மையத்துக்கு வரலாம். மானியத்தால் வரும் மேம்பாடு ‘கூடுதலானதாகவும்’ ‘நிலைத்திருப்பதாகவும்’ இருக்க வேண்டும் என்றது விதி. அதாவது ஏற்கெனவே நடப்பதற்கு இந்தப் பணத்தைப் போடக்கூடாது. பணம் நின்றுபோன பிறகும் பலன் நிற்க வேண்டும். கட்டடம் போன்ற நிலைச்சொத்துக்குச் செலவிடவும் தடை. அப்படியானால் பலன் எதில் நிற்கும்? மனிதர்களில்தான்.

ஆரம்ப ஆண்டுகளில் பணம் அதிகம் சென்றது வெளியிலிருந்து கோச்சுகளை அமர்த்துவதற்கு. காரணம் வெளிப்படை. அங்கே ஆரம்பப் பள்ளியில் ஒரே வகுப்பாசிரியை எல்லாப் பாடமும் எடுக்கிறார். ஓராண்டு ஆசிரியப் பயிற்சியில் உடற்கல்விக்கு அவருக்குக் கிடைத்தது சில மணிநேரம். கோச் வந்தால் பாடம் அன்றைக்கே சிறக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. பாடம் தயாரிக்கவும் நோட்டுத் திருத்தவும் ஆசிரியருக்குக் கற்பிக்கும் நேரத்தில் பத்திலொரு பங்கை விட்டுத்தர வேண்டும் என்பது 2005 முதல் உள்ள ஏற்பாடு. கோச் மைதானத்தில் இருக்கும் நேரத்தை ஆசிரியையின் அந்த ஓய்வு நேரமாக்கிவிட்டால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய். இதற்கு மானியத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி தனியாகச் சொல்லவேண்டி வந்தது. தடுக்கவேண்டிய அளவுக்கு அது சகஜமான சபலம்.

விதியின் தர்க்கம் இது. கோச்சுக்குக் கொடுத்தால் இந்த வருஷம் முப்பது பிள்ளைகளுக்குப் பலன். பணம் நின்றால் கோச்சும் நிற்பார். அதே பணத்தில் ஆசிரியைக்குக் கற்றுக்கொடுத்தால், அவர் இருபது வருஷம் பணியில் இருந்து வருஷத்துக்கு முப்பது பிள்ளைகளை எடுத்தால், அறுநூறு பேருக்குப் பலன். இந்தக் கணக்கில் தவறு காண முடியாது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அவளுக்கு ஏழு வயது. பந்தை எதிர்கொள்ள அவளுக்குப் பயம், கண்ணை மூடிக்கொள்கிறாள். அவளுடைய ஆசிரியை இப்போதுதான் கற்றுக்கொள்கிறார். இரண்டு வருஷத்தில் நன்றாகக் கற்பிப்பார். அப்போது இவளுக்கு ஒன்பது வயது, வேறு வகுப்பு. எறிவது, பிடிப்பது, சமநிலையில் நிற்பது எல்லாம் எந்த வயதிலும் கற்கலாம்தான். ஆனால் தன் உடம்பு தனக்குக் கட்டுப்படும் என்ற நம்பிக்கையோ கட்டுப்படாது என்ற தீர்மானமோ இந்த வயதில்தான் விழுகிறது. ஏழு வயது ஒருமுறைதான் வரும். பின்னால் வரப்போகும் அறுநூறு பேருக்காக இவளுடைய ஏழாம் வயதைப் பயிற்சிக் களமாக்குவது நியாயமா? மனிதரை வெறும் சாதனமாக நடத்தாதே என்ற காண்டின் விதியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

இரண்டு காலங்கள் இங்கே மோதுகின்றன. ஸ்தாபனத்தின் காலம் நீளமானது. அதில் ‘நிலைத்திருப்பது’ என்ற சொல்லுக்கு அர்த்தம் உண்டு. குழந்தையின் காலம் குறுகியது. அதில் தள்ளிவைப்பது என்பது மறுப்பது. சிறுபத்திரிகை நடத்துபவர்களும் புரட்சி பேசுபவர்களும் வருங்காலத்தின் பெயரால் நிகழ்காலத்திடம் நிறையக் கடன் வாங்கியிருக்கிறார்கள். குழந்தையிடம் அந்தக் கடனை வாங்க நமக்கு உரிமையில்லை. திருப்பித் தரும்போது வாங்கிக்கொள்ள அவள் குழந்தையாக இருக்கமாட்டாள்.

இதற்கு நடைமுறையில் ஒரு வழி சொல்லப்பட்டது, நல்ல பள்ளிகள் அதைச் செய்தும் இருக்கின்றன. கோச்சும் ஆசிரியையும் ஒரே மைதானத்தில் சேர்ந்து நிற்பது. பயிற்சி டாக்டர் பக்கத்தில் பெரிய டாக்டர் நிற்பதுபோல. பிள்ளைக்கு இன்றைக்கே நல்ல பாடம், ஆசிரியைக்கும் பாடம். இதற்கு ஆசிரியை அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். மழையில் நனைய வேண்டும். மானியத்தால் வாங்க முடியாத ஒரே பொருள் இதுதான். ஆசிரியையின் அந்த ஒரு மணிநேரத்தை நம்பியே மானியத்தின் நியாயம் முழுவதும் இருக்கிறது.

அப்படியும் பிரச்னை முடிவதில்லை. அந்நாட்டில் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் ஐந்து வருஷத்துக்குள் அரசுப் பள்ளிகளை விட்டுப் போய்விடுகிறார்கள். நம் அறுநூறு என்ற எண் இங்கே கரைய ஆரம்பிக்கிறது. பலன் ஆசிரியரிடம் நிலைக்கும் என்றால் ஆசிரியர் நிலைக்க வேண்டாமா?

5

‘நிலைத்திருப்பது’ என்ற சொல்லைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. விதியும் அதை விமர்சிப்பவர்களும் பள்ளியில் என்ன மிஞ்சும் என்றே கேட்கிறார்கள். அதே விதிகளில் ஒரு மூலையில் வேறுவகையான ஒரு வரி இருக்கிறது. ஆரம்பப் பள்ளியை முடிக்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளில் எத்தனை சதவிகிதம் பேர் 25 மீட்டர் நீந்துவார்கள், பலவகை வீச்சுகளில் நீந்துவார்கள், தண்ணீரில் ஆபத்து வந்தால் தங்களைக் காத்துக்கொள்வார்கள் என்பதைப் பள்ளி பகிரங்கமாக வெளியிட வேண்டும். வழக்கமான நீச்சல் பாடம் முடிந்தும் கற்காதவர்களுக்கு மேலும் கற்றுக்கொடுக்க மானியத்தை எடுக்கலாம்.

இந்த வரியில் மூன்று குணங்கள் இருக்கின்றன. இதற்குக் கீழ்எண் உண்டு. நீந்தாத ஒவ்வொரு பிள்ளையும் அதில் இருக்கிறது. இதில் யாரும் யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட, கற்ற நீச்சல் பள்ளியில் நிற்பதில்லை, பிள்ளையோடு போய்விடுகிறது. கோச் போகலாம், ஆசிரியை போகலாம், மானியம் நிற்கலாம், குளமே மூடப்படலாம். நீந்தக் கற்ற உடம்பு அதை எளிதில் மறப்பதில்லை. ஏழு வயதின் நிகழ்காலமும் ஸ்தாபனம் கேட்கும் நிலைபேறும் மோதாமல் சந்திக்கும் இடம் குழந்தையின் உடம்பு.

பணமே தேவைப்படாத இன்னொரு உதாரணமும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரில் செயின்ட் நினியன்ஸ் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியை இலேய்ன் வைலி 2012இல் தொடங்கிய ‘டெய்லி மைல்’. தினம் பதினைந்து நிமிடம், உடை மாற்றாமல், எல்லாப் பிள்ளைகளும் வெளியே போய் ஓடவோ நடக்கவோ செய்கிறார்கள். முதலாவது இல்லை, கடைசியும் இல்லை. இங்கிலாந்திலும் பரவியது. சுற்றிச் சுற்றி ஓடுவது விளையாட்டாகிவிடுமா என்று ஹூய்சிங்காவின் பக்கத்திலிருந்து கேட்கலாம், ஆகாது. ஆனால் பக்கத்தில் ஓடும் சிநேகிதியோடு பேசிக்கொண்டே போகலாம். விளையாட்டு அந்தப் பேச்சில் ஆரம்பிக்கவும் கூடும்.

உடம்பில் நிலைப்பது நல்லது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு தலைவர்கள் மாறிமாறி ஆள் பொறுக்கும்போது கடைசியில் மிஞ்சி நின்ற பிள்ளையும் ஒன்றைக் கற்கிறது. பந்தைத் தவறவிட்டபோது எழுந்த சிரிப்பிலும் ஒரு பாடம் இருக்கிறது. அதற்குக் கோச் வேண்டாம், மானியம் வேண்டாம். நாற்பது வருஷம் கழித்தும் அது அப்படியே இருக்கும். ஐந்தாவது குறியீடான போட்டிப் பங்கேற்பைக் கூட்டுவதற்காகச் செலவிடும் ஒவ்வொரு பள்ளியும், தான் எதை நிலைக்கச் செய்துகொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும். போட்டி கூடாது என்று நான் சொல்லவில்லை. தோற்கக் கற்பதும் ஒரு கல்வி. ஆனால் தோல்வியைத் தாங்க, அதற்கு முன்பே தன் உடம்பின்மேல் ஒரு குறைந்தபட்ச நட்பு வேண்டும். அந்த நட்பு இல்லாதவனைப் போட்டியில் நிறுத்துவது, இருப்பே இல்லாத கணக்கில் பணம் எடுக்கச் சொல்வதாகும்.

மானியம் சம்பந்தமான அறிக்கைகளில் பள்ளிகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன: நோக்கம், செயல், தொகை, விளைவு, நிலைபேறு. அவற்றைப் பொய் என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. இவ்வளவாவது எழுதவேண்டியிருப்பதால்தான் பந்துக்கான பணம் பந்துக்குப் போகிறது. எனினும் வரவுப்பக்கத்தில் எழுதத்தக்கது ஒன்றே. பதினொரு வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளை, ஒருவரும் பார்க்காதபோதும், ஒருவரும் மதிப்பெண் போடாதபோதும், தன் உடம்பை விருப்பத்தோடு அசைக்குமா என்பது. இதை யாரும் ஜூலைக்குள் எழுதி வெளியிட முடியாது. ஆனாலும் மற்ற பத்திகளை எழுதும்போது இந்தக் கேள்வியை மனத்தில் வைத்து எழுதலாம். மைதானத்தின் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவளுக்கு இந்த வருஷம் யார் பந்தை மெதுவாக எறிந்தார்கள் என்று தலைமை ஆசிரியை கேட்டுக்கொண்டாலே அந்தப் பதினெட்டாயிரத்தில் பெரும்பகுதி சரியான இடத்துக்குப் போய்விடும்.